கேதார்கண்டா, டிசம்பர் கடைசி வாரம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

மணப்பாறை_முறுக்கு
அக்டோபர் 19, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நானும் தங்கையும் டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்கண்டா ஏறப் போகிறோம். டேராடூன் போய், அங்கிருந்து வண்டியில் சாங்க்ரி, அப்புறம் நடை. உச்சி 12,500 அடி. இதுவரை நான் ஏறியது வெள்ளியங்கிரி இரண்டு தடவை, பர்வதமலை ஒரு தடவை. பனிக்கட்டியை ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒரு ஜாக்கெட் 3,000, பக்கத்திலேயே பார்வைக்கு அதே மாதிரி இன்னொன்று 14,000. எது நல்லது என்று கேட்டால் ரெண்டுமே நல்லது சார் என்கிறார் கடைப் பையன். எங்கள் பட்ஜெட் தலைக்கு 15,000. கையில் இருப்பது: ஓடுவதற்கு வாங்கிய ஷூ, ஜீன்ஸ் மூன்று, ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர், அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குரங்குக் குல்லா.

அப்புறம் மாமா பையன் ஆறு வருஷம் முன்னால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ட்ரெக்கிங் ஷூ ஒன்று, ஒரே ஒரு தடவை போட்டது, பரண்மேல் பெட்டியோடு இருக்கிறது. என் சைஸ்தான், 9. அதைப் போட்டுக்கொண்டால் ஐயாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானே?

வெறுங்கால்_வேலு
அக்டோபர் 19, இரவு 11:15

வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறுகிறவன் நான். எழுபது வயசுத் தாத்தா ஒரு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகிறார். அவரிடம் என்ன ஜாக்கெட் இருக்கிறது? கடைக்காரன் பிழைப்பதற்குச் சொல்வதையெல்லாம் வாங்கினால் 15,000 இல்லை, 50,000கூடப் பத்தாது. ஸ்வெட்டர், ஓடும் ஷூ போதும். கிளம்புங்கள்.

சிறுவாணித்_தண்ணி
அக்டோபர் 20, காலை 6:20

வேலு, நானும் கோயம்புத்தூர்க்காரன், நானும் வருஷம் தவறாமல் ஏறுகிறவன்தான். ஆனால் வெள்ளியங்கிரிக்கு நம்மை விடுவது பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும். உச்சி சுமார் 6,000 அடி. ஏழாவது மலையில் விடிகாலைக் காற்று பல்லைக் கிடுகிடுக்க வைக்கும், ஆனால் கால் விரல் உறையாது. கேதார்கண்டாவில் டிசம்பர் கடைசியில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே சர்வசாதாரணமாகப் போகும். அதையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

தம்பி மணப்பாறை, ஒரு கணக்குச் சொல்கிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். சாங்க்ரி ஏறக்குறைய 1,950 மீட்டர், உச்சி 3,800. அதாவது சாங்க்ரியில் குல்லா போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைவிட மேலே 12 டிகிரி குறைவு. காற்று தனி. உச்சிக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் கிளப்பிவிடுவார்கள், அதாவது இருப்பதிலேயே குளிரான நேரத்தில்.

நான் முதல் தடவை போனபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் ஜீன்ஸ் போட்டு வந்தான். பெங்களூரில் பைக் ஓட்டும்போது இதுதான் கதகதப்பாக இருக்கும் என்றான். முழங்கால் ஆழப் பனியில் ஒரு மணி நேரம் நடந்ததும் ஜீன்ஸ் நனைந்தது. காற்றடிக்கிற இடத்தில் பத்து நிமிஷம் நின்றோம், அவ்வளவுதான், முழங்காலுக்குக் கீழே தகரக் குழாய் மாதிரி விறைத்துக்கொண்டது. தட்டினால் சத்தம் வருகிறது. நடந்தால் உள்பக்கம் தோலை உரசுகிறது. வழிகாட்டி அவனைப் பாதியிலேயே கீழே அனுப்பிவிட்டார். ஜீன்ஸை வீட்டில் வையுங்கள். மூன்றையும்.

உடுப்பைப் பொறுத்தவரை ஒரே தடிமன் ஜாக்கெட்டுக்குப் பதில் மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அது வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்க ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஜாக்கெட். நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளப் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்று, அதைச் சாங்க்ரியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கடையில் பார்த்த 3,000, 14,000 வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா என்பதுதான். இறகு எடை குறைவு, சுருட்டினால் சொம்பளவு ஆகிவிடும், ஆனால் நனைந்தால் தீர்ந்தது. நாலு நாள் நடைக்கு உங்களுக்கு அது வேண்டாம்.

நம்ம ஆட்கள் செய்யும் தப்பு, குளிருகிறதே என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பிப்பது. அரை மணியில் உள்ளே குளித்தது மாதிரி ஆகிவிடும். பிறகு நின்றால் அந்த வியர்வையே ஆளைக் கொல்லும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

ஷூ பற்றி எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தவர் இங்கே ஒருத்தர் இருக்கிறார். @ஆம்பூரான், எங்கே இருக்கிறீர்கள்?

திருப்பூர்_பனியன்
அக்டோபர் 20, காலை 9:05

பருத்தியை விற்றுச் சோறு சாப்பிடுகிற ஊர்க்காரன் சொல்கிறேன், மலைக்குப் பருத்தி வேண்டாம். பனியன், ஜட்டி, சாக்ஸ் எதுவுமே. சென்னையில் பருத்தி ஏன் சுகமாக இருக்கிறது? வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. அதே வேலையைப் பூஜ்யம் டிகிரியிலும் செய்யும், அதற்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஈரத் துணி ஒட்டிக்கொண்டிருந்தால் உடம்புச் சூடு போகிற வேகம் பல மடங்கு.

செலவு செய்ய வேண்டாம். விளையாட்டுக்குப் போடுகிற பாலியஸ்டர் டீ ஷர்ட் எங்கள் ஊர்ச் சாலையோரக் கடையிலேயே 200, 250க்குக் கிடைக்கும். 14,000 ஜாக்கெட்டுக்கு உள்ளே போடுவதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். ஃப்ளீஸ் வாங்கும்போது லேபிளில் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், எவ்வளவு என்று பாருங்கள். 100 என்றால் மெல்லிசு, 200 என்றால் உங்களுக்குப் போதும். 300 வாங்கினால் பையில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் நெருப்புக்கு உருகித் தோலோடு ஒட்டும். அடுப்பு, கணப்புப் பக்கத்தில் ஜாக்கெட்டை உலர்த்துகிறேன் என்று உட்காராதீர்கள்.

ஊட்டி ஸ்வெட்டரைத் தள்ள வேண்டாம், நிஜக் கம்பளியாக இருந்தால் ஃப்ளீஸுக்குப் பதில் அதுவே நடு அடுக்கு. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு பிடிக்கும். எடைதான் கூட. அக்ரிலிக்காக இருந்தால் கூடாரத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூரான்
அக்டோபர் 20, மாலை 7:48

வந்துவிட்டேன், ஷிப்டு இப்போதுதான் முடிந்தது. பதினெட்டு வருஷமாக ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற பிரிவில் இருக்கிறேன். தம்பி எழுதியதில் எனக்குப் பகீர் என்றது அந்தப் பரண்மேல் ஷூதான்.

ஷூவின் அடியில் இரண்டு அடுக்கு. தரையைத் தொடுவது ரப்பர். அதற்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் மெத்து மெத்தென்று இருப்பது மிட்சோல். மலை ஷூக்கள் பலவற்றில் இந்த மிட்சோல் பி.யு., அதாவது பாலியூரித்தேன். நல்ல சரக்கு, பாரம் தாங்கும், சீக்கிரம் அமுங்காது. ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் அதன் உள்ளே புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டமைப்பையே உடைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, புதுசு மாதிரி மின்னும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் போட்டு நடந்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். நம் கடலோரப் புழுக்கத்தில், பெட்டிக்குள், பாலித்தீன் கவருக்குள் வைத்தால் இன்னும் வேகமாக. போடாமல் வைத்திருந்தேன், அதனால் புதுசு என்பார்கள். போட்டு நடக்கிற ஷூவைவிடப் போடாமல் வைத்த ஷூதான் சீக்கிரம் போகும். ஓடும் ஷூக்களில் பெரும்பாலும் இ.வி.ஏ. என்கிற வேறு வகை நுரை, அதற்கு இந்த வியாதி இல்லை, அது அமுங்கித்தான் சாகும்.

எடுத்து வந்து மிட்சோலை நகத்தால் அழுத்துங்கள். குழி விழுந்து மீளாமல் நின்றாலோ, மாவு மாதிரி வந்தாலோ, வளைக்கும்போது மெல்லிய விரிசல் தெரிந்தாலோ வேண்டாம். நன்றாகத் தெரிந்தாலும் நேரே மலைக்குப் போடாதீர்கள், ஒரு வாரம் வீட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

புதுசு வாங்குவதென்றால்:

சாயங்காலம் கடைக்குப் போங்கள், காலையைவிடக் கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் வீங்கும். போடப்போகும் தடிமன் சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். நாடா கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் உள்ளே ஏறி இறங்கக் கூடாது. அப்புறம் முக்கியமானது, கடையில் மாடிப்படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். ஏறும்போது எல்லா ஷூவும் நல்ல ஷூதான். இறங்கும்போது கட்டை விரல் முன்னால் இடித்தால் அடுத்த சைஸ். நம் ஆட்களுக்கு முன்பாதம் அகலம், நீளம் சரியாக இருந்தும் பக்கத்தில் பிடிக்கும். பிடித்தால் வேறு மாடல் பாருங்கள், போகப்போக விரியும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். தோல் விரியும், இப்போது வருகிற செயற்கைத் துணி விரியாது.

தண்ணீர் புகாது என்று போட்டிருந்தால் வீட்டுக்கு வந்து பக்கெட்டில் கணுக்கால் அளவுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் நில்லுங்கள். சாக்ஸ் நனைந்தால் பில்லோடு திரும்பக் கொடுங்கள். இது நான் செய்கிற வேலை, என் மனைவி சிரிப்பாள்.

சோல் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அந்தக் காலத்தில் மலையேறுகிறவர்கள் ஆணி அடித்த தோல் பூட்ஸ் போட்டார்கள். 1935இல் இத்தாலி ஆல்ப்ஸில் ஆறு பேர் இறந்துபோனார்கள், அவர்கள் காலில் இருந்தது குளிருக்கும் பனிக்கும் ஏற்ற பூட்ஸ் இல்லை. இறந்தவர்களின் நண்பர் விட்டாலே பிரமானி, அதற்கப்புறம் உட்கார்ந்து ஆழமான பள்ளம் மேடு வைத்த ரப்பர் சோலை உருவாக்கினார். அவர் பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்ததுதான் விப்ரம். ஷூ அடியில் மஞ்சள் முத்திரை பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த முத்திரை இருந்தாலும் கட்டிப் பனியில் வழுக்கும். அதற்கு ஸ்பைக், அதாவது ஷூவுக்கு அடியில் வரும் முள் வைத்த சங்கிலி, மாட்டத்தான் வேண்டும்.

வெறுங்கால்_வேலு
அக்டோபர் 20, இரவு 9:30

சரி, சரி, ஜீன்ஸ் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லுங்கள், அங்கே இருக்கிற வழிகாட்டிகள் பாதிப் பேர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு நம்மைவிட வேகமாகப் போகிறார்களே? அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த நகத்தால் அழுத்துவது, பக்கெட்டில் நிற்பது எல்லாம் கிடையாது.

சிறுவாணித்_தண்ணி
அக்டோபர் 20, இரவு 10:02

நியாயமான கேள்வி. கம்பூட்ஸ் தண்ணீர் புகாது, பனி உள்ளே விழாது, விலையும் குறைவு. அவர்கள் அதில் சின்ன வயசிலிருந்து நடக்கிறார்கள். நீங்களும் நானும் போட்டால் முதல் நாள் சாயங்காலம் குதிகாலில் கொப்புளம். நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி: கால் பழகியிருந்தால் பொருளின் முக்கியத்துவம் குறையும். ஷூவின் எடையும் குறையக் குறைய நல்லது, ஒரு கிலோ ஷூவைத் தூக்கித் தூக்கி வைப்பது சாயங்காலம் தொடையில் தெரியும். அதனால்தான் கணுக்காலுக்கு மேலே ஏறும் கனமான பூட்ஸை இவருக்கு நான் சொல்லவில்லை.

நனைந்த_காக்கை
அக்டோபர் 21, மதியம் 1:10

தங்கையும் வருகிறாள் என்று போட்டிருக்கிறீர்கள், ஒருத்தரும் அவளைப் பற்றிப் பேசவில்லை :)

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் சாங்க்ரி திருவிழாக் கூட்டம். வாடகைக் கடையில் ஆண்களுக்கான 8, 9 இருக்கும், என் சைஸ் 4 இல்லை. மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் 6ஐ எடுத்து இரண்டு சாக்ஸ் திணித்துப் போனேன். இரண்டாம் நாள் இறக்கத்தில் இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்தன, அவை விழுந்து முளைக்க எட்டு மாசம். அவளுக்கு ஷூ சொந்தமாக வாங்குங்கள். மற்றதையெல்லாம் வாடகைக்கு எடுத்தாலும் பரவாயில்லை. ஸ்பைக், பனி உள்ளே விழாமல் முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர், கைத்தடி, பெரிய ஜாக்கெட் எல்லாம் அங்கே கிடைக்கிறது. ஸ்பைக் வாங்கும்போது சங்கிலி அறுந்திருக்கிறதா என்று கடை வாசலிலேயே மாட்டிப் பாருங்கள்.

குளிருகிறது என்று மூன்று சாக்ஸ் போடுவாள், விடாதீர்கள். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் மரத்துப்போகும். மெல்லிசு ஒன்று, கம்பளி ஒன்று போதும். தூங்குவதற்கு ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு தெர்மல் தனியாக பாலித்தீன் கவரில் கட்டி வையுங்கள். நடந்ததைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, காய்ந்திருக்கிறது என்று தோன்றினாலும்.

கையுறையும் இரண்டு: உள்ளே மெல்லிசு, மேலே நனையாதது. கம்பளிக் கையுறை மட்டும் போட்டுப் பனியில் ஒரு தடவை கை ஊன்றினால் போச்சு.

மாதவிலக்கு நாள் வந்தால் பயப்பட வேண்டாம், ஜிப் கவர் நாலு எடுத்து வரச் சொல்லுங்கள், பயன்படுத்தியது அதிலேயே கீழே இறங்கி வர வேண்டும். மலையில் புதைக்கக் கூடாது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளையே எனக்குத் தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

மணப்பாறை_முறுக்கு
நவம்பர் 3, இரவு 8:55

ஆம்பூர் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. ஷூவை இறக்கினேன். நகத்தால் அழுத்தினேன், நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் அபார்ட்மென்ட் பதினான்கு மாடி, தினம் சாயங்காலம் முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு ஏறி இறங்கினேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் ஒன்பதாவது மாடியில் இடது கால் திடீரென்று தாழ்வாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் எட்டாவது மாடியிலிருந்து படிக்குப் படி கறுப்பாகத் தூள். உளுத்த மரத்தைத் தட்டினால் கொட்டுமே, அப்படி. சோல் முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரி தொங்குகிறது. வாட்ச்மேன் அண்ணன் எதையோ கரையான் அரித்துவிட்டது என்று விளக்குமாறு எடுத்து வந்துவிட்டார்.

இது பனியில் நடந்திருந்தால்?

புதுசு வாங்கிவிட்டேன், 4,500. படிக்கட்டு இறங்கிப் பார்த்து 9க்குப் பதில் 10 எடுத்தேன். பக்கெட்டிலும் நின்றேன். தங்கை வீடியோ எடுத்து குடும்ப க்ரூப்பில் போட்டாள்.

ஆம்பூரான்
நவம்பர் 3, இரவு 9:20

விளக்குமாறு :D. பதினெட்டு வருஷத்தில் கேட்ட நல்ல கதை. வலது காலையும் தூக்கிப் போடுங்கள், அதுவும் ஒரே வயசுதான். புதுசில் டிசம்பருக்குள் ஐம்பது, அறுபது கிலோமீட்டராவது நடந்துவிடுங்கள்.

சிறுவாணித்_தண்ணி
நவம்பர் 4, காலை 6:40

மாடிப்படி போதாது, கரடுமுரடாக ஒரு மலை வேண்டும். பர்வதமலைக்கே இன்னொரு தடவை போங்கள், அந்தக் கடப்பாறைப் படி உங்களுக்குப் பழக்கம்தானே. இல்லையென்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பாருங்கள், 40 பாதையோடு ஆரம்பித்தார்கள், வனத்துறை அனுமதிக்குத் தனியாக அலைய வேண்டாம். முழுப் பையோடு போங்கள். பையின் இடுப்பு வார் தொப்புள் மட்டத்தில் இல்லை, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். பாரம் அங்கே இறங்கினால்தான் தோள் தப்பிக்கும். பைக்கு உள்ளே பெரிய குப்பைக் கவர் ஒன்றை விரித்து அதற்குள் துணியை அடுக்குங்கள், இருபது ரூபாய் வேலை.

இன்னும் இரண்டு மூன்று சில்லறை விஷயம். தண்ணீர் பாட்டிலை ராத்திரி தலைகீழாக வையுங்கள், உறைவது மேலிருந்து, மூடி பக்கம் திறந்திருக்கும். குழாய் வைத்து உறிஞ்சுகிற பை வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். போனும் பவர் பேங்கும் தூங்கும்போது உங்களோடு தூங்கட்டும், குளிரில் சார்ஜ் ஓடிவிடும். விமானத்தில் பவர் பேங்கைக் கையோடும், கைத்தடியைச் செக்-இன் பெட்டியிலும் போடுங்கள். கருப்புக் கண்ணாடி மறக்காதீர்கள், ஸ்டைலுக்கு இல்லை. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண் வெந்துவிடும்.

மணப்பாறை_முறுக்கு
ஜனவரி 4, இரவு 9:37

வந்துவிட்டோம். இருவரும் உச்சி தொட்டோம். கால் விரல் பத்தும், நகம் பத்தும் பத்திரம், தங்கையுடையதும் சேர்த்து நாற்பது.

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். உச்சிக்குக் கிளம்பும்போது தண்ணி அண்ணன் சொன்னது மறந்து பெரிய ஜாக்கெட்டைப் போட்டு ஏற ஆரம்பித்தேன். இருபது நிமிஷத்தில் முதுகில் ஆறு ஓடுகிறது. கழற்றிப் பைக்குள் திணிக்கக் கையுறையைக் கழற்றினேன், ஜிப் மாட்டிக்கொண்டது, ஹெட்லைட் வெளிச்சத்தில் அதோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் விரல் நுனி மரத்து, சட்டைக்குள் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் திட்டியது இந்தியில் என்பதால் பாதி புரியவில்லை.

ஃப்ளீஸ், மேலே மெல்லிய ஜாக்கெட், இது இரண்டோடுதான் முழு ஏற்றமும். மேலே நின்றபோதுதான் பெரிய ஜாக்கெட் தேவைப்பட்டது. எனக்கு இருந்த பயத்துக்குக் குளிர் ஒன்றுமில்லை, காற்றுதான் பயங்கரம். அம்மாவின் குரங்குக் குல்லாவை முதலில் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். உச்சியில் போட்டுக்கொண்டேன். புனேக்காரர் ஒருத்தர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

தப்பு ஒன்று: சன்ஸ்கிரீன் முகத்துக்கு மேலே மட்டும் தடவினோம். பனியிலிருந்து வெயில் கீழேயிருந்து மேலே அடிக்கிறது. தங்கைக்கு மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழேயும் வெந்துபோய்த் தோல் உரிகிறது.

கணக்கு: எனக்கு ஷூ 4,500, ஃப்ளீஸ், தெர்மல், மேல் ஜாக்கெட், நனையாத பேன்ட், சாக்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து 7,200, சாங்க்ரியில் வாடகை 1,300. மொத்தம் 13,000. பாக்கி 2,000 டேராடூனில் பரோட்டாவில் போனது.

நனைந்த_காக்கை
ஜனவரி 4, இரவு 10:15

சபாஷ். தங்கையிடம் கற்றாழை போடச் சொல்லுங்கள். ஷூவைக் கழுவிக் காயவைத்துத் திறந்த இடத்தில் வையுங்கள், பரணில் வேண்டாம்.

வெறுங்கால்_வேலு
ஜனவரி 5, காலை 7:02

வாழ்த்துகள் தம்பி. பிப்ரவரியில் வெள்ளியங்கிரி திறந்ததும் வாருங்கள், ஷூ இல்லாமல் ஏறலாம். அதிருக்கட்டும், என் அக்கா பையன் மார்ச்சில் சிக்கிம் பக்கம் எங்கேயோ போகிறானாம். உங்கள் ஃப்ளீஸும் மேல் ஜாக்கெட்டும் என்ன சைஸ்? ஒரு வாரம் கடன் தருவீர்களா?

மணப்பாறை_முறுக்கு
ஜனவரி 5, காலை 7:40

எல் சைஸ். தாராளமாக. வேலுவின் அக்கா பையன் மலைக்கு ஜாக்கெட் கேட்கிறான் என்பதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.